மைதாப் பசை

புத்தகம் தைக்கக் கற்றுக்கொள்ளப் போன முதல் மூன்று சனிக்கிழமையும் தாத்தா என் கையில் ஊசியைக் கொடுக்கவில்லை. பழைய நாளிதழ்க் கட்டு ஒன்றை என் முன்னால் போட்டு, "கிழிம்மா" என்றார்.

மேலிருந்து கீழாகக் கிழித்தால் கோடு போட்ட மாதிரி நேராக இறங்கியது. குறுக்கே கிழித்தால் நாய் கடித்த மாதிரி வந்தது.

"என்ன தெரியுது?"

"இப்படி நேரா வருது, அப்படி கோணலா வருது, தாத்தா."

"அது எனக்கே தெரியும். ஏன்னு சொல்லு."

தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அதே கட்டு, அதே கிழிப்பு. ஈப்போவிலிருந்து கார் ஓட்டிப் போய், ஓர் இல்லத்தின் பின்கட்டில் உட்கார்ந்து பேப்பர் கிழித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னபோது அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மூன்றாம் வாரம் அவரே வாயைத் திறந்தார். காகிதத்துக்கு வாகு உண்டு. கூழாக இருக்கும் நார்கள் ஆலையில் எந்தப் பக்கமாக ஓடுகின்றனவோ அந்தப் பக்கமாகவே பெரும்பாலும் படுத்துக்கொள்கின்றன. வாகோடு மடித்தால் காகிதம் சொன்னபடி கேட்கும். எதிர்த்து மடித்தால் மடிப்பில் வெடிக்கும். பசை தடவினால் வாகை அச்சாக வைத்துச் சுருளும். புத்தகத்தின் முதுகும் வாகும் ஒரே திசையில் போக வேண்டும். இல்லாவிட்டால் அட்டை முறுக்கிக்கொள்ளும், விரித்து வைத்த பக்கம் தானாக மூடிக்கொள்ளும். "புள்ள ஒரு கையில சோறு வச்சிக்கிட்டு இன்னொரு கையில படிக்கும். புத்தகம் விரிச்ச எடத்துல கெடக்கணும்" என்றார். இல்லத்தில் சாப்பிடும்போது படிக்கக் கூடாது என்பது விதி. தாத்தாவுக்கு அந்த விதி தெரியாதாம்.

இல்லம் மலேசியாவில், பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் இருக்கிறது. இப்போது சுற்றிலும் செம்பனை. தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி குடியிருந்த பலகை வீட்டை நீட்டிக் கட்டியதுதான் இல்லம். தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரைகள் மட்டும் புல்லுக்குள் சதுரம் சதுரமாகக் கிடக்கின்றன. சற்றுத் தள்ளிக் காவல் தெய்வம் முனியாண்டி தனியாக நிற்கிறார். அந்த இல்லத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

ஊரார் அதை அனாதை இல்லம் என்கிறார்கள். அங்கிருக்கும் இருபத்தெட்டுப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். ஒருத்தியின் அம்மா தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறார், இரவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஒருவனின் அப்பா சிறையில். தோட்டம் இருந்தவரை இப்படிப்பட்ட பிள்ளையை லயமே வளர்த்திருக்கும், ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு அம்மா பால் வெட்டுக்குப் போயிருப்பாள் என்பது தாத்தாவின் கட்சி. தோட்டத்தை இவ்வளவு இனிப்பாக நினைவுகூர்வதில் எனக்கு உடன்பாடில்லை. என் பாட்டி அதே கொட்டகையைப் பற்றிச் சொன்ன கதைகள் வேறு மாதிரி.

தாத்தா எனக்குச் சொந்தத் தாத்தா இல்லை. அவர் பிறந்தது 1950இல், இதே வட்டாரத்தில். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அவருடைய சின்ன வயது முழுக்க முள்கம்பி வேலிக்குள் போனது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குப் போய்விடும் என்று அரிசியை வேலிக்கு வெளியே கொண்டுபோக விட மாட்டார்களாம். பேப்பர் மட்டும் உள்ளே வரும். ஒரே ஒரு 'தமிழ் நேசன்' லயம் முழுக்கச் சுற்றி, கடைசி வீட்டுக்கு வரும்போது துணி மாதிரி நைந்திருக்கும். கடைசி வீடு தாத்தாவுடையது. நைந்த மடிப்பைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, அப்பாவுக்குப் படித்துக் காட்டியதுதான் அவருடைய முதல் பைண்டிங். ஒரே இனத்துப் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி நடத்தியாக வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தப் பிள்ளைகள் பள்ளி விட்ட பிறகு எதைப் படிப்பார்கள் என்று சட்டம் கவலைப்படவில்லை. ஆறாம் வகுப்போடு ஈப்போவுக்குப் போய், ஓர் அச்சகத்தில் கணக்குப் புத்தகம் தைக்கும் வேலையில் சேர்ந்தார். நாற்பது வருடம்.

நான் காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். நூலகம் கட்டலாம் என்ற யோசனை எங்களுடையது, அதாவது எட்டு நண்பர்களுடையது. தீபாவளிக்கு முறுக்கு டின்னோடு இல்லத்துக்குப் போய்ப் படம் பிடித்துவிட்டு வருபவர்களாக நாங்களும் இருந்தோம். அந்த வருடம் ஒரு சின்னப் பெண் டின்னை வாங்கிக்கொண்டு, "அடுத்த வாரம் வருவீங்களா?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் காரில்தான் நூலகம் பிறந்தது. வெட்கத்தில் பிறந்த யோசனை என்பதால் அவசரமும் கூடவே பிறந்தது. புத்தகம் கொடுங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னோம், அலமாரி அடித்தோம், ஒரு சனிக்கிழமை எல்லாரும் கூடிச் செய்யும் கோத்தோங் ரோயோங் வைத்து அறைக்கு மஞ்சள் வண்ணம் பூசினோம். ஒரே மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பினோம்.

பெட்டிகள் வந்தன. நாற்பதுக்கு மேல்.

ஆறாம் ஆண்டு முடிவில் பிள்ளைகள் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வை அரசாங்கம் 2021இல் எடுத்துவிட்டது. பேராக்கில் அந்தத் தேர்வுக்காக வாங்கிய பயிற்சி நூல்களில் பாதி எங்களிடம்தான் வந்து சேர்ந்ததோ என்று தோன்றியது, பென்சிலில் எழுதிய விடைகளோடு. சோவியத் ஒன்றியம் இன்னும் உடையாமல் இருக்கும் கலைக்களஞ்சியம், முழுத் தொகுதி. கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள். மருந்துக் கம்பெனி டைரி. ஒரே அரசியல்வாதியின் வாழ்க்கை வரலாறு பதினொரு படி.

அந்த அறைக்குத்தான் தாத்தா முதன்முதலில் வந்தார். குழுவில் ஒருவனுக்கு அவர் தூரத்துச் சொந்தம். கிழிந்த புத்தகங்களை ஒட்டித் தருவார் என்று அழைத்து வந்திருந்தான். அவர் பெட்டிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மூன்று புத்தகத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். "குடுத்தவங்க எல்லாம் வீட்டைக் கூட்டிப் பெருக்கியிருக்காங்க" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "இதை எந்தப் புள்ள எடுக்கும்? பேரச் சொல்லு" என்று கேட்க ஆரம்பித்தார். ஏதாவது ஒரு பிள்ளை எடுக்கும் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். பெயர் வேண்டும். எங்களுக்கு அப்போது ஆறு பிள்ளைகளின் பெயர்தான் தெரியும். அன்றைக்கு வேலை நின்றுபோனது. அடுத்த ஒரு மாதம் நாங்கள் புத்தகத்தைத் தொடாமல் பிள்ளைகளோடு உட்கார்ந்தோம். யார் தமிழ்ப்பள்ளி, யார் மலாய்ப் பள்ளி, யாருக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும், யாருக்குப் பாம்பு பிடிக்கும், யாருக்குப் பந்து. அதன் பிறகு நாற்பது பெட்டி ஒன்பதாகச் சுருங்கியது. மிச்சத்தை 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் பழைய பேப்பர் லோரிக்குப் போட்டோம். வந்த காசில் அட்டைக்குப் போர்த்தும் காலிக்கோத் துணியும் நூல்கண்டும் வாங்கினோம். கொடுத்தவர்களில் ஒருவர் அதைக் கேள்விப்பட்டுக் கோபித்துக்கொண்டார். அவருடைய கோபம் நியாயமில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஒன்பது பெட்டியில் இருந்தவை நல்ல சரக்கு. பழைய 'அம்புலிமாமா', 'கோகுலம்' இதழ்கள். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ். இந்தியாவின் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட நேரு பாலர் வரிசையில் சில. அப்புறம் கேலிச்சித்திரக்காரர் லாட் வரைந்த 'கம்போங் பாய்'. 1979இல் வந்த அந்தப் படப்புத்தகத்தின் நாயகன் கிந்தா பள்ளத்தாக்கில், ஈயம் தோண்டும் கப்பல் இரையும் ஒரு கம்பத்தில் வளரும் மலாய்ப் பையன். அதாவது எங்கள் பக்கத்து ஊர்க்காரன். வாசிக்கத் தெரியாத பிள்ளையும் அதை வைத்துக்கொண்டு அரை மணி சிரிக்கும். ஆகவே இந்த நூலகத்தில் அதிகம் கிழிந்ததும் அதுதான்.

அலமாரி விஷயத்தில் எங்கள் சாமர்த்தியத்தையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் ஒரு பழைய ரப்பர்க் காட்டை வெட்டிச் சாய்த்தார்கள். பால் வற்றிய மரங்கள். அந்தப் பலகையிலேயே அலமாரி அடித்தால் எவ்வளவு பொருத்தம் என்று பூரித்துப் போனோம். அறுத்து, தேய்த்து, ஆணி அடித்து, அழகாக நிற்க வைத்தோம். இரண்டு மாதத்தில் புத்தகங்களின் மேல் மெல்லிய மாவு விழுந்தது. விரலில் எடுத்தால் பவுடர் மாதிரி. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், அதனால் வெட்டிய கையோடு போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால்தான் உளுக்காமல் நிற்கும். மேசை நாற்காலி செய்து ஏற்றுமதி செய்கிற தொழிற்சாலைகள் அப்படித்தான் செய்கின்றன. எங்களுக்கு அது தெரியாது. தாத்தாவுக்குத் தெரியும், ஆனால் அவரை நாங்கள் கேட்கவில்லை.

"மாவு இருக்கிற எடத்துக்குப் பூச்சி வரும். மரமா இருந்தாலும் சரி, பசையா இருந்தாலும் சரி." அவ்வளவுதான் சொன்னார். பலகையை அவரே பிரித்து, முனியாண்டிக்குப் பொங்கல் வைக்க விறகாக்கினார். புது அலமாரி கடையில் வாங்கியது. சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிற்கிறது, காற்று போவதற்கு. பகலில் வெயில் எரித்தாலும் நான்கு மணிக்கு மழை கொட்டுகிற ஊர் இது. சுவர் வேர்க்கும், வேர்த்த சுவரில் சாய்ந்த புத்தகம் பூஞ்சணம் பூக்கும். அலமாரிக் கால்கள் தண்ணீர் ஊற்றிய தகர டின்களில் நிற்கின்றன, பாட்டி வீட்டுச் சோற்று அலமாரி நின்ற மாதிரி. தட்டுகளின் மூலையில் துணி முடிச்சில் வசம்பு. தஞ்சாவூர் சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிகளுக்கு வசம்போடு கிராம்பு, மிளகு, கருஞ்சீரகம் எல்லாம் சேர்த்து முடிந்து வைப்பார்கள். எங்கள் முடிச்சு ஏழை முடிச்சு. இருந்தாலும் இராமபாணப் பூச்சி குறைந்திருக்கிறது.

இனிப் பசை. நான் கற்றுக்கொண்டதில் பாதி இதுதான்.

ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு சின்னத் தீயில் கிண்ட வேண்டும். வெள்ளையாக இருக்கும் கரைசல் ஒரு கட்டத்தில் சட்டென்று கண்ணாடி மாதிரி மாறும். அந்த இடத்தில் கையை நிறுத்தினால் அடிப்பிடிக்கும், அவசரப்பட்டு இறக்கினால் ஒட்டாது. ஆறிய பிறகு துணியில் வடிகட்ட வேண்டும். தாத்தா அதை ஒரு பழைய மங்கில் வைத்துக்கொள்வார், ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் அதே பீங்கான் மங்கு. அச்சகத்தில் கணக்குப் புத்தகத்துக்கு இதே பசையில் மயில்துத்தம் கலப்பார்களாம், பூச்சி அண்டாது. இங்கே கலக்க மாட்டார். மயில்துத்தம் விஷம், பிள்ளைகள் விரலை எச்சில் தொட்டுத்தான் பக்கம் புரட்டும். ஆகவே வாரா வாரம் புதுப் பசை. மூன்றாம் நாளே புளித்துவிடும்.

நான் கேட்டேன்: கடையில் வெள்ளைக் கோந்து நான்கு வெள்ளிக்குக் கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?

பதிலுக்கு ஒரு 'கம்போங் பாய்' படியை என்னிடம் கொடுத்தார். அது என் முதல் வேலை, அவர் இல்லாத ஒரு நாளில் ஆர்வக்கோளாறில் நானே செய்தது. கிழிந்த பக்கத்தை வெள்ளைக் கோந்து தடவிய தடித்த தாளால், இனி யார் இழுத்தாலும் வராதபடி ஒட்டியிருந்தேன். ஒட்டு அப்படியே இருந்தது. ஒட்டுக்குப் பக்கத்தில், ஓரத்தை ஒட்டியே, பக்கம் புதிதாகக் கிழிந்திருந்தது.

"ஒட்டு காகிதத்தவிட பலமா இருக்கு. பலமானது அசையாது, பக்கத்துல இருக்கிறதப் பிச்சிடும். கிழியறதுன்னா ஒட்டுதான் முதல்ல கிழியணும்."

"அப்ப எதுக்கு ஒட்டணும், தாத்தா?"

"மறுபடி ஒட்டலாம்ல."

மைதாப் பசைக்கு ஈரத்துணி போதும். நனைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் விட்டுக்கொடுக்கும், பழைய ஒட்டை எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்யலாம். வெள்ளைக் கோந்து காய்ந்தால் பிளாஸ்டிக். எடுக்கப் போனால் காகிதமும் கூட வரும். ஒட்டுநாடா இன்னும் மோசம். சில வருடத்தில் நாடா உதிர்ந்துவிடும், பிசின் மட்டும் மஞ்சளாக எழுத்துக்குள் இறங்கி நிற்கும். சின்ன வயதில் தோட்டத்துப் பிள்ளைகள் ரப்பர்ப் பாலாலேயே எல்லாவற்றையும் ஒட்டுவார்களாம். முதலில் நன்றாகத்தான் பிடிக்கும், அப்புறம் பிசுபிசுக்கும், அப்புறம் பழுப்பாகி இறுகிவிடும். "பால் மரம் சோறு போட்டுச்சு. புத்தகம் ஒட்ட மட்டும் ஆகாது."

வெள்ளைக் கோந்தை அவர் அடியோடு விலக்கவும் இல்லை. தையலே இல்லாமல் தனித்தனித் தாளாக முதுகில் ஒட்டி வரும் இந்தக் காலத்துப் புத்தகங்களுக்கு அதுதான் வழி. தாள்களைத் தட்டிச் சேர்த்து, முதுகு ஓரத்தை விசிறி மாதிரி ஒரு பக்கம் சாய்த்துத் தடவி, மறுபக்கம் சாய்த்துத் தடவி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி இரவு முழுக்க விட வேண்டும். தைத்த புத்தகம் என்றால் வேறு மரியாதை. பழைய நூலை அறுத்து, பாரம் பாரமாக, அதாவது மடித்த தாள் கட்டுகளாகப் பிரித்து, தேன்மெழுகு தடவிய நூலால் மறுபடி தைக்க வேண்டும். அதற்கு முன்னால் முதுகில் காய்ந்து கிடக்கும் பழைய வச்சிரப் பசையைச் சுரண்டி எடுக்க வேண்டும். இதில்தான் நான் ஐந்து மாதம் தோற்றேன். கொஞ்சம் அழுத்தினால் கத்தி மடிப்பை வெட்டிவிடும். மெல்ல இழுத்தால் ஒன்றும் வராது.

ஒரு நாள் தாத்தா மழுங்கிய கத்தியை என்னிடமிருந்து வாங்கி, தன் அம்மா பால் வெட்டிய விதத்தைச் சொன்னார். பட்டையை ஒவ்வொரு வெட்டுக்கும் மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். பட்டையின் உள்ளோரத்தில்தான் பால் இருக்கிறது, ஆகவே ஆழமாகப் போக வேண்டும். ஆனால் மரத்தைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் அந்த இடம் முண்டு கட்டிக்கொள்ளும், பட்டை மறுபடி வளர்ந்தாலும் அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. விடியற்காலை இருட்டில், தலையில் கட்டிய விளக்கில், ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரம். "அம்மா கண்ணால வெட்டல. கத்தி போற சத்தத்த வச்சி வெட்டுச்சி. நீயும் கேளு." கேட்டேன். வச்சிரத்தின் மேல் கத்தி போனால் கரகரவென்று ஒரு சத்தம். காகிதத்தைத் தொட்டதும் சத்தம் மென்மையாகிவிடும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். அன்றிலிருந்து வந்தது.

கிழிந்த பக்கத்துக்கு ஒட்டுத்தாள் மெலிதாக, நாரோடு இருக்க வேண்டும். அதை எங்களுக்குக் காட்டிக் கொடுத்தவர் ஆண்ட்டி. ஈப்போ பழைய நகரத்தில் சீன எழுத்து ஓவியத்துக்கென விற்கும் தாள். நனைத்துப் பிய்த்தால் ஓரத்தில் மயிர்க்கால் மாதிரி நார் நிற்கும். அந்த நார்தான் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆண்ட்டி ஓய்வு பெற்ற நூலகர், சீனப் பெண்மணி. தாத்தாவும் அவரும் மலாயில் பேசிக்கொள்வார்கள், சண்டை வந்தால் ஆளுக்கொரு மொழி.

புத்தகங்களை எப்படி அடுக்குவது என்று அவரிடம் கேட்கப் போனேன். "நீ தமிழ்ப் பெண்தானே? ரங்கநாதன் தெரியுமா?" என்றார். எந்த ரங்கநாதன் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க விரும்பவில்லை.

சீர்காழியில் 1892இல் பிறந்த கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். வந்த புதிதில் அந்த வேலை பிடிக்காமல் வகுப்பறைக்கே திரும்பிவிடத் துடித்தவர். லண்டனுக்குப் படிக்கப் போன இடத்தில், ஒரு கடையில் துண்டுகளைப் பூட்டிப் பூட்டி வேண்டிய உருவம் செய்கிற மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அறிவையும் இப்படித் துண்டு துண்டாகப் பூட்டலாமே என்று தோன்றியதில் 1933இல் கோலன் பகுப்புமுறை வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1931இல், நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். உலகம் முழுக்க நூலகவியல் படிக்கிறவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். ஆண்ட்டியும் செய்திருந்தார். விரல் விட்டு எண்ணிச் சொன்னார். இரண்டாவது விதியின் சாரம் ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு புத்தகம் இருக்கிறது என்பது, மூன்றாவது அதைத் திருப்பிப் போட்டது. "எந்தப் புள்ள எடுக்கும், பேரச் சொல்லு" என்று பெட்டிகளுக்கு நடுவில் நின்ற தாத்தா எனக்கு அப்போது நினைவுக்கு வந்தார். அவர் ரங்கநாதனைக் கேள்விப்பட்டதே இல்லை.

ஆண்ட்டி பழகியது டூயி பகுப்பு. மெல்வில் டூயி அதை வெளியிட்டது 1876இல். அதே வருடம்தான் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகள் எழுபதாயிரத்தை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதில் முளைத்தவற்றில் சில 1877இல் இந்தப் பக்கம் வந்து, கோலகங்சாரில் ஒன்பது கன்றுகள் ஊன்றப்பட்டன. எங்கள் தாத்தா பாட்டிகளை இந்த மண்ணுக்கு இழுத்த மரமும், எங்கள் புத்தகத்தை எந்தத் தட்டில் வைப்பது என்று சொல்கிற எண்ணும் ஒரே வயது. டூயி முறையில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 முழுதாகக் கிடைக்கிறது. தமிழ் இலக்கியத்தைத் தேடினால் 894.811. புள்ளிக்குப் பிறகு மூன்று படி இறங்க வேண்டும். "அம்புலிமாமா முதுகுல இவ்வளவு நம்பர் எழுத எடமில்ல" என்றார் தாத்தா. நிறத்தாள்தான் என்று முடிவாயிற்று. மிருகத்துக்குப் பச்சை, கதைக்கு மஞ்சள், பேய்க்குக் கறுப்பு. பேய்க்குத் தனித் தட்டு வேண்டும் என்பது பிள்ளைகளின் தீர்மானம். அது டூயியிடமும் இல்லை, ரங்கநாதனிடமும் இல்லை. மறுவாரமே எல்லாப் புத்தகத்திலும் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தது. யார் வேலை என்று இன்றுவரை தெரியாது.

முத்திரை விஷயத்துக்கு வருகிறேன்.

நூலகம் என்றால் முத்திரை வேண்டாமா? யாரையும் கேட்காமல் நானே ஈப்போவில் ரப்பர் முத்திரை செய்யக் கொடுத்தேன். வட்டமாக, நடுவில் விளக்கு, சுற்றிலும் இல்லத்தின் முழுப் பெயர், மலாயில், 'ருமா அனாக் யத்தீம்', அதாவது அனாதை இல்லம், என்ற சொற்களோடு. ஊதா மை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து அறுபது புத்தகங்களில் குத்தினேன். முகப்பில் ஒன்று, பதினேழாம் பக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று, திருடு போகாமல் இருக்க. சத்தம் நன்றாக இருந்தது. கடைசிப் புத்தகம் முடிந்தபோது ஏதோ சாதித்த மாதிரி இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, 'அடுத்த வாரம் வருவீங்களா' என்று கேட்ட அதே பெண் ஒரு பாம்புப் புத்தகத்தை எடுத்து வந்து என் மேசையில் வைத்தாள். அவளுக்குப் பாம்பு என்றால் உயிர்.

"வேணாமா?"

"இங்கயே படிச்சிக்கிறேன்க்கா. ஸ்கூலுக்குக் கொண்டு போகல."

"ஏன்?"

முகப்பைத் திறந்து விரலை வட்டத்தின் மேல் வைத்தாள். எதுவும் சொல்லவில்லை. பள்ளியில் அவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்பது பக்கத்து நாற்காலிக்குத் தெரியாது. நான் அதைப் புத்தகத்துக்கு மூன்று இடத்தில் அச்சடித்திருந்தேன்.

தாத்தாவிடம் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்ட விரலால் மையைத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மை மறுபக்கம் வரை இறங்கியிருந்தது. "சரி, ஒக்காரு" என்றார்.

அறுபது புத்தகம், நூற்றெண்பது வட்டம். எழுத்தில்லாத முகப்புத் தாளாக இருந்தால் அதை எடுத்துவிட்டுப் புதுத்தாள் வைத்தோம். எழுத்துள்ள பக்கமாக இருந்தால் வட்டத்தின் அளவுக்கு ஒரு தாளை வாகு பார்த்து வெட்டி, மைதாப் பசையால் மேலே ஒட்டினோம். நான்கு மாதச் சனிக்கிழமைகள் அதற்கே போயின. உண்மையில் நான் வேலை கற்றுக்கொண்டது அந்த நான்கு மாதத்தில்தான். ஒரே வேலையை நூற்றெண்பது முறை செய்தால் கை தானாகவே படிந்துவிடுகிறது. வட்டத்தின் மேல் ஒட்டிய தாள்களில் பிள்ளைகள் இப்போது படம் வரைகிறார்கள். பாம்புப் புத்தகத்தின் பதினேழாம் பக்கத்தில் ஒரு பாம்பு கூடுதலாக இருக்கிறது.

இப்போது முத்திரை கிடையாது. முதுகில் நிறத்தாள், பின்னட்டையின் உள்ளே ஓர் உறை, உறைக்குள் ஓர் அட்டை. எடுக்கிற பிள்ளை அட்டையில் பெயர் எழுதி டப்பாவில் போடும். எடுத்துப் போன புத்தகத்தில் இல்லத்தின் பெயர் எங்கும் இருக்காது.

பள்ளி விடுமுறைக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் பிள்ளைகளிடம் புத்தகம் கொடுத்து அனுப்பலாமா என்று குழுவில் பெரிய விவாதம் நடந்தது. திரும்பி வராது என்பது பலர் கட்சி. கொடுத்து அனுப்பினோம். சில வரவில்லை. வந்ததில் ஒன்று மஞ்சள் கறையோடு, முதுகில் சட்டை தைக்கிற கறுப்பு நூலால் குறுக்கும் நெடுக்குமாகத் தைக்கப்பட்டு வந்தது. ஒரு பையனின் அம்மா தைத்திருக்கிறார். பாரத்தின் மடிப்பில் போக வேண்டிய ஊசி பக்கங்களின் மேலேயே ஏறிப் போயிருக்கிறது. புத்தகம் பாதிதான் விரியும். பிரித்துத் தைக்கலாம் என்று கத்தியை எடுத்தேன்.

"அத விடு" என்றார் தாத்தா.

"விரிய மாட்டேங்குது, தாத்தா."

"விரியற வரைக்கும் படிப்பான்."

தாத்தாவுக்குப் போன வருடம் ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை ஆனது. இன்னொரு கண்ணுக்கு மனம் வரவில்லை. ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கத்தி போகிற சத்தத்தைக் கேட்டே "நிறுத்து, காகிதம்" என்கிறார். இப்போது அவரிடம் இரண்டு பேர். நானும், அம்மா புத்தகத்தைத் தைத்து அனுப்பிய அந்தப் பையனும். அவனுக்குப் பன்னிரண்டு வயது. படிப்பதில் பெரிய ஆர்வமில்லை. கிழிந்த புத்தகம் கிடைத்தால் முகம் மலர்கிறது. சில கிழிசல்கள் தானாக வந்தவை அல்ல என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

போன சனிக்கிழமை 'கம்போங் பாய்' மறுபடி பட்டறைக்கு வந்தது. இரண்டாவது படி, மைதாப் பசையில் நான் செய்த முதல் ஒட்டு உள்ள படி. ஒட்டு விட்டிருந்தது, பக்கம் பிழைத்திருந்தது. பையன் ஈரத்துணியை அதன் மேல் போட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு மழுங்கிய கத்தியை ஓரத்தில் நுழைத்துத் தூக்கினான். ஒட்டுத்தாள் முழுசாகக் கையோடு வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யாருக்கா ஒட்டினது? வாகு பாக்காம ஒட்டியிருக்காங்க."

தாத்தா என் பக்கம் திரும்பினார். அடுப்பில் பசை இருந்தது. நான் அதைக் கிண்டப் போனேன்.